வெட்டுச் சோற்றில் விழுந்த உப்பு

முதலில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பூச்சி மருந்து டிரம்களின் மேல் சுண்ணாம்பால் எழுதிய பெயர்கள்தான். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தே காய்த்துப்போன கை இது. பேனாவையும் கத்தரி மாதிரி அழுத்துகிறது, தாள் கிழிகிறது.

வாயால் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் கத்தரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விடுவேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். டீக்கடையில் அது ஒரு சிரிப்புக் கதை. என் மனைவி அளவு தெரியாமல் உப்பு டப்பாவைக் குழம்பில் கவிழ்த்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை.

எங்கள் தோட்டம் கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. நிலத்தைப் பிரித்தோமே தவிர பந்தலைப் பிரிக்கவில்லை. கல்தூணும் கம்பியும் பொதுவாகவே நின்றன. அண்ணன் கொடி என் பக்கம் படரும், என் கொடி அவர் பக்கம் காய்க்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. பழம் அறுக்கிற வெட்டும் ஒரே நாளில்தான் வைப்போம். பழத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வோம்.

பன்னீர்த் திராட்சையை எங்கள் பக்கத்தில் வருசம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் ஐப்பசி வெட்டு வேறு. மேற்கே மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். பழுத்த கொத்தில் ஒரு நல்ல மழை இறங்கினால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தில் குளவி மொய்க்கும். அதற்கப்புறம் அது கேரளாவுக்கும் போகாது, சந்தைக்கும் போகாது. ஒயின் ஆலைக்காரர்கள் மனசு வைத்து அள்ளிக்கொண்டு போனால் உண்டு. அதனால் எல்லாத் தோட்டக்காரர்களும் ஒரே வாரத்தில் வெட்டு ஆள் தேடுவார்கள். ஆள் வருவது கூலிக்கு மட்டும் இல்லை. சோறு எந்தத் தோட்டத்தில் எப்படி என்றும் பார்ப்பார்கள்.

வெட்டின் முதல் நாள் தோட்டக்காரர் வீட்டில் கறிச்சோறு போட வேண்டும். அதற்குப் பெயர் வெட்டுச் சோறு. விடிவதற்கு முன்னால் ஆட்கள் பந்தலுக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வரிசையாக இலை விழுந்துவிடும். ஊறவைத்த மொச்சை போட்டு வெள்ளாட்டுக் கறிக்குழம்பு. அதற்குப் புளி சேர்க்க மாட்டோம். பிந்திப் பூத்த கொத்துகளில் இன்னும் பச்சையாக நிற்கும் திராட்சைக் காயை நசுக்கிப் பிழிந்து ஊற்றுவோம். குடல் தனியாகச் சுருள வதக்கியிருக்கும். கடைசியில் உளுந்தங்களி. அதன் நடுவில் குழி பறித்து, உதிர்ந்த பழத்தைக் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய பாகை ஊற்றுவோம்.

இந்தச் சோற்றை வைதுகொண்டேதான் தின்ன வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர் வாயிலும் வரக் கூடாது. வந்தால் கொடிக்கும் கண் பட்டுவிடும், ஆக்கியவள் கைக்கும் கண் பட்டுவிடும். சோறு ருசியாக இருக்க இருக்க வசவு கூடும். வாயில் வைக்க முடியாத வீட்டில் மட்டும் "நல்லாருக்கு தாயி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள். அதைவிட ஒரு வீட்டுக்குக் கேவலம் கிடையாது. பக்கத்து ஊரில் ஒரு மருமகளுக்கு அப்படி ஆகிப்போய், அவள் பெயரே 'நல்லாருக்கு' என்று ஆகிவிட்டது. அவள் பிள்ளைகளைக்கூட 'நல்லாருக்கு மகன்', 'நல்லாருக்கு மகள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் கரண்டி என் மனைவி கையில் இருந்தது. முறைப்படி அது அண்ணியிடம் இருக்க வேண்டும், அவர்தான் மூத்த மருமகள். எனக்குக் கல்யாணம் ஆன வருசம் அண்ணி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் இவள் ஆக்கினாள். அன்றைக்கு விழுந்த வசவு பந்தலையே தூக்கியது. அடுத்த வெட்டுக்கு ஆட்களைக் கூட்டிவரும் அம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்து, "சின்னவ ஆக்குனா வர்றோம், இல்லேன்னா கூடலூர்ப் பக்கம் கூப்பிடுறாக, அங்கன போறோம்" என்று அண்ணியின் முன்னாலேயே சொன்னார். அண்ணி சிரித்துக்கொண்டே அந்த அம்மாவுக்குக் காப்பி கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெட்டுக்கும் இவள்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏன் ஆத்தா, ஆட்டைக் குழம்புல குளிப்பாட்டி மறுபடி பட்டியில அடைச்சுட்டியா? கறியக் காணமே."

"கறி கெடக்குக்கா. இவ புருசன் பேச்சு மாதிரி. காத்துக் கெடந்தா ஒண்ணு வரும்."

"களியா இது? எம் மாமியா சாகட்டும், இத வச்சுத்தான் அது வாயப் பூசணும்."

என் மனைவி கரண்டியோடு வரிசையில் நடந்துகொண்டே திருப்பிக் கொடுப்பாள். "எலும்பக்கூட நாய்க்கு மிச்சம் வைக்காம உறிஞ்சிட்டுப் பேசுற பேச்சப் பாரு." அவள் முகம் அப்போது வேறு மாதிரி இருக்கும். வீட்டில் என்னோடு இருக்கும்போது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வருசத்தில் இரண்டு மூன்று தடவை வரும் அந்த நாளுக்காகத்தான் அவள் மற்ற நாட்களில் அடுப்பைப் பற்றவைத்தாள் என்று எனக்குத் தோன்றும்.

ஊரடங்கு வந்த காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்குப் போன ருசி ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. பால் தீய்ந்து அடுப்படி முழுக்கப் புகையானபோதுதான் வாசமும் போய்விட்டது தெரிந்தது. தேனியில் டாக்டரிடம் போனோம். வரும், பொறுங்கள் என்றார். நாக்கில் மிளகாயின் எரிச்சல் மட்டும் தெரியும், உப்பும் இனிப்பும் தெரியாது என்றாள். மண்ணைத் தின்றாலும் சோற்றைத் தின்றாலும் ஒன்றுதான் என்றாள். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் ஆக்குவாள், நான் ருசி பார்ப்பேன். வெட்டு நாளில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் போவேன். குழம்பில் ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விடுவாள். நக்கிவிட்டு நான் தலையை ஆட்டினால் உப்பு சரி. இப்படியே சில வெட்டுகள் கடந்துவிட்டன. வசவு குறையவில்லை.

அண்ணிக்கு இது எப்படித் தெரிந்தது என்பதைப் பிற்பாடு அவரே ஊரில் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ஒரு நாள் சர்க்கரையே போடாமல் இவளுக்குக் காப்பி கொடுத்திருக்கிறார். "சீனி போதுமாடி?" என்று கேட்டிருக்கிறார். இவள் "கூடத்தான்க்கா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அண்ணி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது யாரிடமும் சொல்லவும் இல்லை. மனசுக்குள் வைத்திருந்தார்.

அந்த ஐப்பசி வெட்டு அன்று மலையில் இடி கேட்டுக்கொண்டிருந்தது. வியாபாரி லாரியோடு வந்து நின்று, பழப் பெட்டிகளைத் தட்டித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கொத்தின் நுனிப் பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார், முகத்தைச் சுளிப்பார், பெட்டியைத் தள்ளி வைப்பார். அண்ணன் கம்பத்துக்குப் போயிருந்ததால் நான் வியாபாரியின் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. அங்கே இருந்து பார்த்தால் தூண்களுக்கு நடுவில் அடுப்பு தெரியும். என் மனைவி இரண்டு மூன்று தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அண்ணியின் கையில் கரண்டியைச் சாய்த்தாள். அண்ணி நக்கிப் பார்த்தார். என் மனைவியின் கை உப்பு டப்பாவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கரண்டி, மறுபடியும் டப்பா. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ருசி பார்க்க அண்ணி இருக்கிறார், நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அன்று சாயங்காலம்தான் இவள் சொன்னாள்.

"அக்கா, சளி பிடிச்சு நாக்கு மரத்துக் கெடக்கு. உப்பு பாருங்க."

"பத்தலடி. உப்ப மொச்சை குடிச்சிருக்கும். இன்னும் போடு."

போட்டிருக்கிறாள். மறுபடியும், "பத்தல."

"கை நெறையப் போட்டாச்சேக்கா."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்தா, நீயே பாரு" என்று அண்ணி கரண்டியை இவள் வாய்க்கு நேராக நீட்டியிருக்கிறார். இவள் நக்கிவிட்டு, "ஆமாக்கா, பத்தலதான்" என்று சொல்லியிருக்கிறாள். வேறு என்ன சொல்ல முடியும். அண்ணி தன் கையாலேயே இன்னொரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறார்.

இலை விழுந்தது. நானும் வியாபாரியும் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தோம். எல்லாரும் முதல் வாய் எடுத்து வைத்தார்கள். ஒரு வசவும் விழவில்லை. ஒருத்தி துப்ப முடியாமல் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு கூட்டிவந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் ஒரு வாய் வைத்தேன். கரித்தது, கண்ணில் நீர் வந்தது. என் மனைவி கரண்டியோடு வரிசையின் தலைப்பில் நின்று காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னைக்கு எல்லாருக்கும் வாய் செத்துப்போச்சா?" என்றாள் சிரித்துக்கொண்டு.

கூட்டிவந்த அம்மா தண்ணீரைக் குடித்து முழுங்கிவிட்டுச் சொன்னார். "நல்லாருக்கு தாயி."

அடுத்தவளும் சொன்னாள், "நல்லாருக்கு."

அப்படியே வரிசை நெடுக அந்த வார்த்தை கைமாறி வந்தது. சிலர் குனிந்துகொண்டு சொன்னார்கள், சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த வியாபாரிகூடச் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மோட்டார் ரூம் வாசலில் நின்று அண்ணிதான் பேசினார், பாவப்படுகிற குரலில். "அவள ஏன்டி நோகடிக்கிறீக. அவளுக்கு நாக்கு செத்து வருசக் கணக்காச்சு. உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நாந்தான் மூடி வச்சிருந்தேன்."

வரிசையில் ஒருத்தி கெக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வேலைக்கு வந்தவர்கள், கரித்த சோறு, பசி. அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே. ஒரு சின்ன வயசுக்காரி எழுந்து போய் நல்ல பழமாக ஒன்றைப் பிய்த்தாள். பூச்சிக்கு அடிக்க வைத்திருந்த வேப்பெண்ணெய்க் கேனைத் திறந்து அதில் பழத்தை முக்கிக்கொண்டு வந்தாள்.

"கண்ண மூடு தாயி. சும்மா ஒரு வெளாட்டு. என்னன்னு சொல்லிட்டா அவுக சொன்னது பொய்னு நாங்களே ஊருக்குச் சொல்றோம்."

அவள் மூடியிருக்கக் கூடாது. மூடினாள். சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

"பழம்" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு."

"பன்னீர் வாசம் வருதா?"

"வருது."

சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரை ஏறியது. என் மனைவி கண்ணைத் திறந்து கேனைப் பார்த்தாள். உதட்டில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தாள். கூட்டிவந்த அம்மா, "போதும்டி, விடுங்க" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவள் ஓடிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. குழம்புச் சட்டியில் கரண்டியைப் போட்டு அள்ளிக்கொண்டு வரிசையின் முதல் இலைக்கு வந்தாள். "இன்னும் கொஞ்சம் விடவா?" என்று கேட்டாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் இலையை மறைத்தாள். அடுத்த இலைக்குப் போனாள். "உங்களுக்கு?" ஒருத்தர் விடாமல் கேட்டாள். ஒருத்தர் விடாமல் இலையை மறைத்தார்கள். என் இலைக்கு வந்தபோது நான் மறைக்கவில்லை. அவள் ஊற்றாமல் போய்விட்டாள்.

அன்றைய வெட்டு மழைக்கு முன்னால் முடிந்தது. பழம் நல்லபடியாகப் போனது. மழை பெய்து முடிவதற்குள் கதையும் ஊருக்குள் போய்விட்டது. அவளுக்குப் பெயர் 'செத்த நாக்கு'. ரேசன் கடை வரிசையில் ஒருத்தி, "அந்தப் புழுத்த அரிசி வேணாம், செத்த நாக்கு வீட்டுக்குக் குடுங்க, அவுகளுக்கு எதுவும் ஒண்ணுதான்" என்றாளாம். இவள் அந்த அரிசியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாசி வெட்டுக்கு அண்ணி ஆக்கினார். யாரும் முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது. என் மனைவி கத்தரியை எடுத்துக்கொண்டு ஆட்களோடு பந்தலுக்குள் இறங்கிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் மட்டும் வரவில்லை, கொத்து வெட்டிக்கொண்டே இருந்தாள். அங்கே வசவு பலமாக இருந்தது. "என்ன ஆத்தா, இது குழம்பா, கால் கழுவுன தண்ணியா?" அண்ணி திருப்பி ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சோற்றை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இவள் கையில் இருந்த கொத்தை நசுக்கியிருந்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"நெசமாவே நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"சுமார்தான்" என்றேன். சுமார்தான் இருந்தது.

"எனக்காகச் சொல்லாதீக" என்றாள்.

அன்றிலிருந்து நான் ருசியைப் பற்றிச் சொல்வது எதையும் அவள் நம்புவதில்லை.

அந்த வெட்டு முடிந்து கொடிகளுக்குக் கவாத்து செய்கிற சமயத்தில் நான் அண்ணனிடம் போனேன். பந்தலைப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஏலே, ஒரு சட்டி உப்புக்காகப் பந்தலப் பிரிப்பியா?"

"ஆமா" என்றேன்.

"பேச வந்துருச்சு உனக்கு" என்றார் அண்ணி உள்ளே இருந்து.

மறுநாள் எல்லைத் தூண் வரிசையில் ஏறி நின்று கம்பியை வெட்டினேன். கம்பியை வெட்டினால் மட்டும் போதாது. இரண்டு பக்கத்துக் கொடிகளும் பின்னிக்கொண்டு கிடந்தன. அப்பா நட்ட கொடி, என் தொடை கனத்துக்குத் தண்டு. என் பக்கம் வந்திருந்த அவர் கொடிகளை ஒன்று விடாமல் அறுத்தேன். அவர் பக்கம் போயிருந்த என் கொடிகளையும் அறுத்தேன். அந்தப் பருவத்தில் கொடியை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சட்டை முழுக்க நனைந்தது. அண்ணன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காய்ப்புக் கிளைகளாகப் பார்த்து அறுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்குமே அதில் நட்டம். அண்ணனும் நானும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஆனி மாதம் எங்கள் பாதிக்கு மட்டும் தனியாக வெட்டு வைத்தோம். பழைய ஆட்கள் அண்ணன் பக்கம் போய்விட்டார்கள். வியாபாரி உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வேறு ஆட்களைக் கூட்டிவந்தார். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம் என்று வேலை பார்த்தவர்கள். என் மனைவி அதிகாலையில் எழுந்து அம்மியில் மசால் அரைத்தாள், காய் பிழிந்தாள். நான் உள்ளங்கையை நீட்டினேன். உப்பு சரியாக இருந்தது, சத்தியமாகச் சரியாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தார்கள்.

"ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாள் ஒருத்தி.

"ஆமாக்கா, இப்படிச் சோறு தின்னு நாளாச்சு. நல்லாருக்கு."

எங்கள் பக்கத்து வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் இவள் முகத்தில் அடி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் போய், தயவுசெய்து திட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு வைதால் அதற்கு என்ன அர்த்தம்?

சாப்பிட்டு முடித்து, இலைகளை மடித்து ஆட்டுப் பட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள். இவள் அங்கே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மடித்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வழித்து நக்கிய இலைகள். ஒன்று, இன்னொன்று, எல்லாமே அப்படித்தான் இருந்தன. கடைசிக்குப் பக்கத்தில் ஒரு இலையில் இரண்டு துண்டுக் கறி மிச்சம் இருந்தது.

"இது யாரு இலை?"

"தெரியல."

"போயிக் கேட்டுட்டு வாங்க."

பந்தலுக்குள் போனேன். கொத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கறி மிச்சம் வைத்தது யார் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஒரு வயசான அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, "நாந்தான் தம்பி. கடவாய்ப் பல்லு வலி. கடிக்க முடியல, தப்பா நெனைக்காதீக" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். அவள் அந்தக் கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான் சொல்லுவாக" என்றாள். இலையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

இந்த ஐப்பசி வெட்டுக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆட்களுக்குக் கம்பத்திலிருந்து புரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக வாங்கிவந்து கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்கள். அண்ணன் பக்கம் வசவுச் சத்தம் கேட்டது. அவள் வீட்டிலேயே இருந்தாள். எனக்கு வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்து அவளுக்குப் பாதி வைத்தேன். எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் தின்றாள்.

எழுதி முடித்தது ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, வெட்டு முடிந்த மறுநாள்.